எங்க போச்சு ஆட்டம்?

கும்பகோணத்தில் எங்கள் தெருவுக்குத் திண்ணைகள் இருந்த காலம் அது. கோடை விடுமுறை மதியங்களில், சாப்பிட்டு வெற்றிலை போட்ட கையோடு தாத்தா என்னைக் கூப்பிடுவார். பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுதான் எங்கள் சதுரங்கப் பலகை. தொலைந்துபோன யானைக்குப் பதில் அமிர்தாஞ்சன் மூடி.

தாத்தா ஆடியது நாட்டு முறை. சிப்பாய்க்கு முதல் நகர்விலும் ஒரே கட்டம்தான். செக் வாங்காத ராஜா, ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை குதிரை மாதிரித் தாவலாம். கடைசிக் கட்டத்துக்குப் போன சிப்பாய் நினைத்தபடி ராணியாகிவிட முடியாது. யானை வரிசையில் போய்ச் சேர்ந்தால் யானை, குதிரை வரிசையில் சேர்ந்தால் குதிரை. பஞ்சாபின் மீர் சுல்தான் கான் இந்த மாதிரி நாட்டு ஆட்டத்தில் பழகியவர்தான். ஐரோப்பிய விதிகளைப் பிறகு கற்றுக்கொண்டு 1929, 1932, 1933 என மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார்.

"தொட்டா எடுத்தாகணும்டா." அதில் தாத்தா இம்மியும் இறங்கமாட்டார். அவசரத்தில் ராணியைத் தொட்டுவிட்டு நான் முகத்தைப் பார்த்தால், அவர் தெருவைப் பார்ப்பார்.

"சின்னப் புள்ள, ஒரு ஆட்டம் விட்டுக் குடுத்தாத்தான் என்ன?" என்பாள் பாட்டி.

"விட்டுக் குடுத்தா அவனுக்குத் தெரிஞ்சிடும்."

தோற்றவன்தான் காய்களைத் திரும்ப அடுக்க வேண்டும். அழுதுகொண்டே அடுக்கியிருக்கிறேன். அடுக்கும்போது கேட்பார்: "எங்க போச்சு ஆட்டம்?" பாட்டியோடு ஆடும் தாயத்தில் தோற்றால் கட்டை சரியில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். இங்கே பழி போட எதுவுமில்லை. குதிரையை வெட்டக் கொடுத்த இடத்தை நானே தேடிப் பிடித்துச் சொல்லும்வரை அடுத்த ஆட்டம் கிடையாது. புத்திமதி என்று அவர் ஒரு வார்த்தை சொன்னதாக நினைவில்லை.

ஆனந்த் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன 1988க்குள் தாத்தா போய்விட்டார். திண்ணையை இடித்துக் கார் நிறுத்த இடம் செய்தாயிற்று. குகேஷ் 2024இல் உலக சாம்பியன் ஆனதை அவர் பார்த்திருந்தால், பதினெட்டு வயதா என்று இரண்டு தடவை கேட்டிருப்பார். இன்றைய சதுரங்க வகுப்புப் பிள்ளைகள் தாத்தாவை இருபது நகர்வில் மடக்கிவிடுவார்கள், சந்தேகமே வேண்டாம். ஆனால் ஆட்டம் எங்கே போனதென்று பிள்ளை யோசிக்கும் முன்பே செல்போன் சொல்லிவிடுகிறது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால், ஆட்டம் முடிந்ததும் அந்தக் கேள்வியை நீங்களே கேளுங்கள். பதில் வர நேரமாகும், காத்திருங்கள்.