வைத்தியரிடம் பழைய காயத்தையும் சொல்லுங்கள்

எனக்கு 46 வயது. கருப்பையில் நார்க்கட்டி. மாதாமாதம் ஏற்பட்ட அதிக இரத்தப்போக்கால் உடம்பில் இரத்தம் குறைந்து போயிற்று. குளிசைகளுக்கும் அது கட்டுப்படவில்லை. கருப்பையை அகற்ற வேண்டும் என்று வைத்தியர் சொன்னபோது, இரண்டு பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் நான் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை நாளில் வேலைக்குப் போகலாம்?" என்பதுதான்.

இச்சத்திரசிகிச்சைக்கு மூன்று வழிகள் உண்டு. அடிவயிற்றைக் கீறித் திறப்பது பழைய முறை. யோனி வழியாக எடுப்பது இன்னொன்று. அதில் வயிற்றில் தழும்பே இராது. மூன்றாவது, வயிற்றில் சில சிறு துளைகளிட்டுக் கமெராவின் உதவியுடன் செய்வது. 1988இல் அமெரிக்காவில் இம்முறையில் முதன்முதலாகக் கருப்பை அகற்றப்பட்டது.

துளை முறையில் நோவு குறைவு. பெரும்பாலும் ஓரிரு நாட்களில் வீடு திரும்பலாம். இரண்டு முதல் நான்கு கிழமைகளில் சாதாரண வேலைகளைச் செய்யலாம். வயிற்றைத் திறந்தால் ஆறு முதல் எட்டுக் கிழமை செல்லும். ஆனால் துளை முறையில் சிறுநீர்க் குழாய் காயப்படும் அபாயம் சற்று அதிகம். பழகிய வைத்தியரும் உரிய கருவிகளும் வேண்டும். எந்த முறையானாலும் உள்தையல் ஆறும்வரை, ஏறத்தாழ ஆறு கிழமைக்குத் தண்ணீர்க் குடமோ விறகுக் கட்டோ தூக்கக் கூடாது.

எனக்குத் துளை முறை பொருந்தவில்லை. 2009இல் ஷெல் துண்டு பட்டு, என் குடலில் சத்திரசிகிச்சை நடந்தது. அப்படியான வயிற்றில் குடல் உள்ளே ஒட்டியிருக்கலாம்; துளையிடும்போது அது காயப்படலாம். கிளினிக்கில் இதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தழும்பை நானே காட்டினேன். பார்த்த வைத்தியர், வயிற்றைத் திறந்து செய்வதே பாதுகாப்பு என்று முடிவெடுத்தார்.

எங்கே பட்டது, எப்படிப் பட்டது என்று விசாரிப்பார்களோ என்ற பயத்தில் எங்களில் பலர் இத்தகைய காயங்களை மறைக்கிறோம். வைத்தியருக்குத் தேவை எங்கள் கதையல்ல. காயம் எந்த இடத்தில், என்ன சிகிச்சை நடந்தது, துண்டு இன்னும் உள்ளே இருக்கிறதா என்பவைதான். அவ்வளவையும் சொன்னால் போதும்.

ஆறு கிழமையும் அயலவர்கள் முறைவைத்துத் தண்ணீர் அள்ளித் தந்தார்கள். சூலகங்களை எடுக்கவில்லை. "பெண்மை போய்விடும்" என்று பயமுறுத்தியவர்கள் சொன்னதுபோல் ஒன்றும் நடக்கவில்லை. இரத்தப்போக்கு நின்றது, களைப்பும் குறைந்தது.

சகோதரிகளே, சம்மதக் கையெழுத்து வைக்குமுன் கேளுங்கள்: கருப்பையை எடுக்காமல் வேறு வைத்தியம் உண்டா? எந்த முறை எனக்குப் பொருந்தும், ஏன்? சூலகங்களை விட்டுவைப்பீர்களா? கேட்பது எங்கள் உரிமை.