காருக்கு ஒரு காவல்காரன்

சில மாசம் பொண்ணு வீட்டுக்குப் போறோம். கார் பேஸ்மென்ட்ல கவர் போட்டு நிக்கப்போகுது.

அங்க இருக்கிற குளிருக்கு எனக்கு இன்னும் ஒரு ஸ்வெட்டர்கூட வாங்கல.
ராத்திரியெல்லாம் பேட்டரி மெயின்டெய்னர்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்.

நிறுத்தின வண்டியிலயும் கடிகாரம், அலாரம் எல்லாம் கரன்ட் குடிச்சுக்கிட்டேதான் இருக்கும்.
50 மில்லி ஆம்பியர்னு வெச்சாலே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர்.
35 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒரே மாசத்துல காலி.

சாதா சார்ஜரை மாட்டிட்டுப் போகலாமா?
மலிவான சிலது நிறைஞ்ச அப்புறமும் ஏத்திக்கிட்டே இருக்கும். பேட்டரியில தண்ணி வத்திடும்.
மெயின்டெய்னர்னா நிறைஞ்சதும் 13.5 வோல்ட் பக்கம் இறங்கி, குறையறதை மட்டும் ஈடுகட்டும்.
1 ஆம்பியர் தாராளம். கடைக்காரர் 10 ஆம்பியரைத் தலையில கட்டப் பார்த்தார்.
ஏஜிஎம் பேட்டரின்னா அதுக்குத் தனி மோட் இருக்கான்னு பாருங்க.

வீட்டம்மா கேட்டாங்க: "நெகட்டிவ் வயரைக் கழட்டி வெச்சா போதாதா?"

செலவு, ஒரு 10 நம்பர் ஸ்பேனர்.
சரியான யோசனை. அதான் எரிச்சலா இருக்கு.

இருந்தாலும் ரிவ்யூ பார்க்கிறதை நிறுத்த முடியல.

ஆமா, பேஸ்மென்ட்ல பிளக் பாயின்ட்டே இல்லாத அப்பார்ட்மென்ட்காரங்கல்லாம் என்னதான் பண்றீங்க?