கண்ணுக்குக் கற்பித்தல்

புதுச்சேரியில் 1823ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆட்சியினர் ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கியபோது, உயிர்கள் யாவும் உயிரணுக்களால் ஆனவை என்னும் கொள்கையே தோன்றியிருக்கவில்லை. ஷ்லைடன், ஷ்வான் என்னும் ஜெர்மானிய அறிஞர்கள் 1838, 1839ஆம் ஆண்டுகளில் அதனை முன்வைத்தனர். நோயின் வேரை உயிரணுவில் தேட வேண்டும் என்று விர்ஹோ நூல் எழுதியது 1858இல். அந்தப் பழைய பள்ளியின் வழிவந்த நிறுவனம் இன்று கோரிமேட்டில் ஜிப்மர் என்னும் பெயரோடு விளங்குகிறது. 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாக இருந்து, 1964இல் இப்போதைய பெயரைப் பெற்று, 2008இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக உயர்ந்தது அது.

விழுப்புரத்திலிருந்தும் கடலூரிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் விடியற்காலைப் பேருந்தில் வந்து இறங்குவோர் அங்கே பலர். ஒருவருக்குக் கழுத்தில் நெறி கட்டியிருக்கும். இன்னொருவருக்கு மார்பில் வலியில்லாத கட்டி தென்பட்டிருக்கும். அவர்கள் சந்திக்கும் மருத்துவர் கட்டியைத் தொட்டுப் பார்ப்பார். அது இன்னதென்று சொல்பவர் பெரும்பாலும் வேறொருவர். ஆய்வகத்தில் அமர்ந்து அதைச் சொல்லும் அவரை நோய்க்குறியியல் மருத்துவர் என்பர்.

கட்டிக்குள் மெல்லிய ஊசியைச் செலுத்தி, அதனுள் ஏறும் சிறு துளியை எடுப்பர். அறுவை இல்லை, தையல் இல்லை. அத்துளியைக் கண்ணாடித் தகட்டில் பரப்பிச் சாயமேற்றி நுண்ணோக்கியின்கீழ் வைத்தால், உயிரணுக்கள் தனித்தனியாகவும் கொத்துக் கொத்தாகவும் தெரியும். செலவு குறைவு; விடையும் விரைவில் கிடைக்கும். ஏழை நோயாளிகள் மிகுந்த நாட்டுக்கு இதைவிட ஏற்ற முறை அரிது. ஆனால், படிக்கத் தெரிந்த கண் இல்லாவிடில் அத்துளியால் பயனில்லை.

உயிரணுவைக் கண்டு புற்றுநோயை அறியும் இக்கலையை மருத்துவ உலகம் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. கிரேக்க நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஜார்ஜ் பாப்பனிகோலாவு, உதிரும் உயிரணுக்களைக் கொண்டே கருப்பை வாய்ப் புற்றுநோயை அறியலாம் என்று 1928இல் அறிவித்தார். அன்று அதனைப் பொருட்படுத்தியவர் சிலரே. பெண்நோய் மருத்துவர் ஹெர்பர்ட் டிராட்டுடன் இணைந்து அவர் 1943இல் நூல் வெளியிட்ட பின்னரே நிலைமை மாறியது. அவர் வகுத்த சாயமேற்றும் முறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

மருத்துவப் பட்டம் பெற்ற பின் நோய்க்குறியியலில் மூன்றாண்டு மேற்படிப்பு படிக்க வரும் இளைஞர், புற்றுநோய் அணுவை உடனே பார்த்துவிடத் துடிப்பார். ஆசிரியரோ அவருக்கு நலமான உயிரணுக்களையே நாள்தோறும் காட்டுவார். கன்னத்தின் உட்புறத் தோல் அணு, நிணநீர்க்கணுவின் சிறு வட்ட அணு, தைராய்டின் தேன்கூடு போன்ற அணுவரிசை என ஆயிரக்கணக்கில் பார்த்தாக வேண்டும். முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கும் பாட்டி, கல்லின் இலக்கணத்தை எங்கும் பயின்றவர் அல்லர். அரிசியைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அவருடையது; அதனால் கல் தானே துருத்திக்கொண்டு தெரிகிறது. நோய்க்குறியியல் கல்வியும் ஏறக்குறைய அவ்வகையினதே.

பிறகு மாறுபாடுகள் அறிமுகமாகின்றன. புற்றுநோய் அணுவில் உட்கரு அளவுக்கு மீறிப் பெருத்திருக்கும். அதன் விளிம்பு கோணலாக மடிந்திருக்கும். உள்ளே கரும்பொருள் சீரின்றித் திரண்டிருக்கும். அணுக்கள் ஒன்றையொன்று பற்றி நிற்காமல் சிதறிக் கிடக்கும். இவற்றை நூலிலிருந்து ஒரே மாலையில் மனப்பாடம் செய்துவிடலாம். இடர்ப்பாடு அதன் பின்னர்தான் தொடங்குகிறது.

பாலூட்டும் தாயின் மார்பிலிருந்து எடுத்த துளியை எண்ணிப் பாருங்கள். அங்கே உயிரணுக்கள் ஓய்வின்றி உழைக்கின்றன. ஆதலால் உட்கரு பெருத்திருக்கும். அதனுள் உட்கருமணி எடுப்பாகத் தெரியும். அணுக்கள் பிரிந்தும் கிடக்கும். நூலில் படித்த அடையாளங்களுள் பல அங்கே இருக்கின்றன, நோயோ இல்லை. ஆய்வகத்துக்கு வரும் படிவத்தில் ‘பாலூட்டுகிறார்’ என்னும் ஒரு சொல் விடுபட்டுப் போயிருந்தால், கற்றவர்கூடத் தடுமாறக்கூடும். அந்தத் தடுமாற்றத்தின் விலை ஒரு தாயின் மார்பாக இருக்கலாம். எனவேதான் நல்ல ஆசிரியர்கள், நுண்ணோக்கியில் கண் வைப்பதற்கு முன் படிவத்தைப் படிக்கச் சொல்கின்றனர். படிவம் போதாதபோது நேரில் சென்று நோயாளியிடமே கேட்டு வரும்படி மாணவரை அனுப்புவதும் உண்டு.

கழுத்து நெறியிலும் இத்தகைய குழப்பம் நேரும். காசநோய் மிகுந்த நம் நாட்டில் அதுவும் நிணநீர்க்கணுவை வீங்கச் செய்யும். காசநோய்க்கு மருந்து வேறு. புற்றுநோய்க்கு வழி வேறு. தகட்டை உருவாக்கும் கையும் ஏமாற்றக்கூடும். பாப்பனிகோலாவு முறைக்கு உரிய தகட்டை, ஈரம் உலர்வதற்குள் ஆல்கஹாலில் அமிழ்த்த வேண்டும். சற்றே தாமதித்தால் உயிரணு உலர்ந்து பரந்து, உட்கருவும் பெரிதாகத் தோன்றும். தகட்டைத் தாமே செய்து பழகாத மாணவருக்கு இந்தப் பிழை எளிதில் விளங்குவதில்லை.

இக்கல்வியில் கற்பதற்கு மிகக் கடினமான விடை, ‘மாதிரி போதவில்லை’ என்பது. தைராய்டு ஆய்வுக்குப் பன்னாட்டளவில் பின்பற்றப்படும் பெதெஸ்டா முறை, விடைகளை ஆறு வகைகளாகப் பிரிக்கிறது. அவற்றுள் முதல் வகையே ‘கணிக்க இயலாது’ என்பதுதான். பொதுவாக, தெளிவாகத் தெரியும் உயிரணுக் கொத்துகள் ஆறேனும், ஒவ்வொன்றிலும் பத்து அணுக்களேனும் இருத்தல் வேண்டும் என்பது அளவு. ஐந்து கொத்துகள் கண்ணுக்கு நலமாகத் தெரிந்தாலும், நோயில்லை என்று எழுதிவிடக் கூடாது. அறிவுள்ள இளைஞருக்கு இது தோல்வியைப் போலத் தோன்றும். தைராய்டின் ஒருவகைக் கட்டியில் கொத்துகள் எத்தனை கிடைத்தாலும் உயிரணுவைக் கொண்டு மட்டும் தீர்ப்புக் கூற முடியாது. கட்டியின் உறையை அணுக்கள் ஊடுருவியிருக்கின்றனவா என்பதை, அறுவைக்குப் பின் திசுவில்தான் காண முடியும். கண்ணின் கூர்மைக்கு அங்கே வேலையில்லை.

பல முகப்புகள் கொண்ட நுண்ணோக்கியைச் சுற்றி ஆசிரியரும் மாணவரும் அமர்ந்து ஒரே தகட்டைக் காண்பர். ஆசிரியர் ஒளிக்குறியை ஓர் அணுவின்மேல் நிறுத்திக் காத்திருப்பார். சொல்லப்பட்ட விடைகள், பின்னர் அறுவையில் கிடைக்கும் திசுவின் முடிவோடு ஒப்பிடப்படும். தம் விடை தவறாகும்போது மாணவர் மீண்டும் பழைய தகட்டைத் தேடி எடுக்கிறார். அன்று தாம் காணத் தவறியது அதிலேயே இருந்தது என்பதைப் பெரும்பாலும் காண்கிறார்.

‘போதவில்லை’ என்னும் சொல்லுக்கும் விலையுண்டு. மீண்டும் ஒரு நாள் கூலியை இழந்து, மீண்டும் பேருந்தேறி ஒருவர் வர வேண்டும். அதைத் தவிர்க்க ஒரு வழியைப் பயிற்சியிலேயே கற்பிக்கின்றனர். ஊசி போட்ட அறையிலேயே ஒரு தகட்டுக்கு நீலச்சாயமிட்டுச் சில மணித்துளிகளில் பார்த்துவிடுவர். அதுவரை நோயாளி கட்டியின்மேல் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அமர்ந்திருப்பார். உயிரணுக்கள் போதுமான அளவில் இருந்தால் அவர் ஊருக்குப் புறப்படலாம். இல்லையேல் ஊசி மீண்டும் ஒருமுறை கையிலெடுக்கப்படும்.