குறுக்கே போகும் ஒளி

அதிராம்பட்டினத்துக் கரையில் இருந்து இரவில் வலை போடப் போகிறவருக்குக் கடலில் கோடு எதுவும் தெரியாது. ஆனால் கோடு இருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் 1974ல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி பாக் நீரிணையில் போட்ட எல்லைக்கோடு அது. தாண்டினால் கைது, படகும் பறிபோகும். கையில் ஜி.பி.எஸ். கருவி இருந்தால் அதன் திரையில் ஓடும் எண்கள்தான் துணை. அந்த எண்களுக்குள் ஐன்ஸ்டைன் உட்கார்ந்திருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாத சங்கதி.

கதையை ரயிலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். நிற்காமல் போகிற ரயிலின் ஹாரன், வரும்போது கீச்சென்றும் தாண்டியதும் கம்மியும் கேட்கும். பிளஸ் டூ இயற்பியலில் படித்த அதே டாப்ளர் விளைவுதான். கிறிஸ்டியன் டாப்ளர் 1842ல் இதைச் சொன்னது ஹாரனுக்காக இல்லை, விண்மீன்களின் நிறத்துக்காக! ரயிலில் ஊதுகுழல்காரர்களை ஏற்றி ஒலியில் சோதித்துப் பார்த்தது பைஸ் பாலட், 1845ல், நெதர்லாந்தில்.

ஒலியில் ஒரு வேடிக்கை உண்டு. ஹாரன், ஒலியின் வேகத்தில் பாதி வேகத்தில் உங்களை நோக்கி வந்தால் அதிர்வெண் 2 மடங்காகும். ஹாரன் சும்மா நிற்க, நீங்கள் அதே வேகத்தில் அதை நோக்கி ஓடினால் 1.5 மடங்குதான். நெருங்கும் வேகம் ஒன்று, விடை இரண்டு. காரணம், நடுவில் காற்று இருக்கிறது. காற்றை வைத்து யார் நகர்கிறார்கள், யார் நிற்கிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

ஒளிக்கு அந்த மாதிரிக் காற்று கிடையாது. விளக்கு வருகிறதா, நீங்கள் போகிறீர்களா என்று யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. அப்படியென்றால் விடையும் ஒன்றாகத்தான் இருந்தாக வேண்டும். 2ஆ, 1.5ஆ? இரண்டும் இல்லை. ஐன்ஸ்டைன் 1905ல் எழுதிய கட்டுரையின் சூத்திரப்படி 1.73.

இது எங்கிருந்து வருகிறது? நகரும் கடிகாரம் மெதுவாக ஓடும் என்கிறது சிறப்புச் சார்பியல். ஒளியின் பாதி வேகத்தில் போனால் 0.866 பங்கு வேகத்தில்தான் ஓடும். விளக்குதான் வருகிறது என்று வைத்தால் அதன் அதிர்வு மெதுவாகிறது: 2 × 0.866 = 1.73. நீங்கள்தான் ஓடுகிறீர்கள் என்று வைத்தால் உங்கள் கடிகாரம் மெதுவாகிறது, அதனால் வரும் அலைகள் உங்களுக்கு இன்னும் வேகமாகத் தெரியும்: 1.5 ÷ 0.866 = 1.73. இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. கால்குலேட்டரை எடுத்து ஒரு தடவை போட்டுப் பாருங்கள், பத்துப் பக்கம் படிப்பதைவிட இது நன்றாக மனசில் பதியும்.

இதிலிருந்து ஒலியில் இல்லாத ஒரு புது விஷயம் பிறக்கிறது. விளக்கு நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை, சரியாகக் குறுக்கே போகிறது என்றால்? பழைய கணக்குப்படி மாற்றம் பூஜ்யம். சார்பியல்படி பூஜ்யம் இல்லை. விளக்கின் கடிகாரம் மெதுவாக ஓடுவதால் ஒளி ஒரு துளி சிவப்புப் பக்கம் நகரும்.

இந்தப் பூஜ்யத்தை நம்பி ஒரு பெரிய கண்டுபிடிப்பே நடந்திருக்கிறது, அதுவும் நம்ம கொடைக்கானலில். ஜான் எவர்ஷெட் 1909 ஜனவரியில் அங்குள்ள வானாய்வகத்தில் சூரியப் புள்ளிகளின் நிறமாலையைப் படம் எடுத்தார். சுழல்காற்று மாதிரி சுற்றுகிறதா என்று பார்க்கப் போனவருக்குக் கிடைத்தது வேறு. புள்ளியைச் சுற்றியுள்ள மங்கலான வளையத்தில், சூரிய விளிம்பை ஒட்டிய பக்கம் சிவப்பை நோக்கி நகர்ந்திருந்தது, எதிர்ப்பக்கம் நீலத்தை நோக்கி. புள்ளி சூரியத் தட்டின் நடுவில் இருக்கும்போது மாற்றமே இல்லை. ஆகவே வாயு சூரியப் பரப்பை ஒட்டிக் கிடையாக வெளியே பாய்கிறது என்று முடிவுகட்டினார். வேகம் நொடிக்கு ஏறக்குறைய 2 கி.மீ. இன்றும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர்.

அந்த நடுப்புள்ளியில் வாயு நமக்குக் குறுக்கேதானே போகிறது? அப்போது அவர் பார்த்த பூஜ்யம் முழுப் பூஜ்யம் இல்லை. ஆனால் மிச்சம் லட்சம் கோடியில் 22 பங்கு! எவர்ஷெட்டின் கருவிக்கு எட்டவே எட்டாது. அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. (சூரியனின் ஈர்ப்பால் ஒளி சிவப்பாவதை அவரே பிற்பாடு கொடைக்கானலில் தேடினார். அது தனிக் கதை.) வேகம் தரும் அந்த மிச்சத்தை முதலில் பிடித்தது அமெரிக்காவில் ஐவ்ஸும் ஸ்டில்வெல்லும், 1938ல், வேகமாகப் பாயும் ஹைட்ரஜன் அயனிகளை வைத்து.

இப்போது படகுக்குத் திரும்பலாம். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் நொடிக்கு 3.9 கி.மீ. வேகத்தில் சுற்றுகின்றன. அதே மிச்சம் இங்கே லட்சம் கோடியில் 83 பங்கு. சின்ன எண்தான், ஆனால் அணுக் கடிகாரம் விடாது. ஒரு நாளில் சுமார் 7 மைக்ரோ விநாடி பின்தங்கும். அந்த நேரத்தில் ஒளி 2 கி.மீ.க்கு மேல் ஓடிவிடும். மறுபக்கம், மேலே ஈர்ப்பு குறைவு என்பதால் கடிகாரம் 45 மைக்ரோ விநாடி முந்தும். இரண்டையும் கழித்தால் நாளைக்கு 38 முந்தல்.

இதனால் படகு உடனே அத்தனை கி.மீ. தள்ளித் தெரியும் என்று சிலர் எழுதுகிறார்கள். அது கொஞ்சம் மிகை. எல்லாக் கடிகாரமும் ஒரே அளவு பிசகினால் கருவி அதில் பெரும்பகுதியைத் தானே கழித்துக்கொள்ளும். ஆனால் நாளுக்கு நாள் விலகிக்கொண்டே போகும் கடிகாரங்களை வைத்து ஓர் அமைப்பை ஒழுங்காக நடத்த முடியாது.

இதை எல்லோரும் நம்பினார்களா என்றால், இல்லை! 1977ல் என்.டி.எஸ்.-2 என்ற சோதனைச் செயற்கைக்கோளை அனுப்பியபோது திருத்தம் செய்யும் கருவியை உள்ளே வைத்துவிட்டு அதை அணைத்தே அனுப்பினார்கள். தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளலாம் என்று. சுமார் 20 நாள் பார்த்தார்கள். எதிர்பார்த்த முந்தல் லட்சம் கோடியில் 446.5 பங்கு, அளந்தது 442.5. சுவிட்சைப் போட்டார்கள்.

அதன் பிறகு ஜி.பி.எஸ். கடிகாரங்களைத் தரையிலேயே மெதுவாக்கித்தான் மேலே அனுப்புகிறார்கள். 10.23 மெகாஹெர்ட்ஸுக்குப் பதில் 10.22999999543.