தென்காசிச் சீமை – 3: கணவாய் வழி வந்த காற்று

ஆடி மாதத்தில் தென்காசி காசி விசுவநாதர் கோயிலின் ராஜகோபுர வாசலை யாரும் நிதானமாகக் கடப்பதில்லை. ஆண்கள் வேட்டியை இறுக்கிப் பிடிக்கிறார்கள். பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தலை குனிந்து நடக்கிறார்கள். மேற்கிலிருந்து வருகிற காற்று முகத்தில் அறைகிறது. வாசலைத் தாண்டியதும் அதே காற்று முதுகில் கைவைத்து உள்ளே தள்ளுவதாக ஊரில் எல்லாரும் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

இந்தக் காற்று புறப்படும் இடம் செங்கோட்டைக்கு மேற்கே இருக்கிற ஆரியங்காவு கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை அங்கே கொஞ்சம் தாழ்ந்து வழி விடுகிறது. மற்ற இடங்களில் பெரும்பாலும் கேரளத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடும் தென்மேற்குப் பருவமழை, இந்தச் சந்து வழியாகத் தமிழ்நாட்டுக்குள் எட்டிப் பார்க்கிறது. மற்ற பல மாவட்டங்கள் ஐப்பசி மழைக்குக் காத்திருக்க, இங்கே ஆனியிலேயே சாரல் தொடங்கிவிடுகிறது. சென்ற இதழில் நாம் நின்ற ஐந்தருவியும் பழைய குற்றாலமும் அந்தச் சாரல் கொடுத்தவை. செங்கோட்டைப் பக்கம் குண்டாறு என்று ஒரு சின்ன அணை, உயரம் 36 அடிதான். சீசன் தொடங்கினால் பெரும்பாலும் அதுதான் முதலில் நிறையும். 132 அடி அடவிநயினார், 85 அடி கடனாநதி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

தென்காசி மாவட்டம் பிறந்தது 2019 நவம்பர் 22-இல், திருநெல்வேலியிலிருந்து பிரிந்து. எட்டுத் தாலுகா, சுமார் 2,900 சதுர கிலோமீட்டர். 2011 கணக்குப்படி இந்த எல்லைக்குள் இருந்தவர்கள் ஏறத்தாழ 14 லட்சம் பேர். வயது குறைந்த மாவட்டம்தான். ஆனால் ஊர் பழையது.

பிற்காலப் பாண்டியர்கள் மதுரையை இழந்து தெற்கே ஒதுங்கியபோது அவர்களுக்குத் தலைநகரானது தென்காசி. பராக்கிரம பாண்டியன் 1446-இல் கோயில் திருப்பணியைத் தொடங்கினான். கோபுரம் முடிவதற்குள் அவன் காலம் முடிந்துவிட, தம்பி குலசேகரன் அதை நிறைவேற்றினான். பராக்கிரமன் விட்டுச் சென்ற கல்வெட்டுப் பாடல்களைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். இந்தக் கோயிலில் குறை நேர்ந்தால் அதைச் சரிசெய்து காப்பவர்களின் காலில் விழுந்து வணங்குகிறேன் என்று ஓர் அரசன் எழுதி வைத்திருக்கிறான். நாடு சுருங்கிப்போன வம்சம். நாளை யார் ஆள்வார்கள் என்று தெரியாது. அந்த நிலையில் முகம் தெரியாத பிற்காலத்தாரிடம் கோயிலை ஒப்படைத்துவிட்டுப் போக அவனுக்கு மனம் வந்திருக்கிறது. கோபுரம் சிதைந்து பல தலைமுறைகள் மொட்டையாக நின்றது. 1990-இல் ஒன்பது நிலையோடு, சுமார் 180 அடி உயரத்தில் திரும்ப எழுந்தது. அவன் வணங்கியவர்கள் ஐந்நூறு ஆண்டு கழித்து வந்து சேர்ந்தார்கள்.

செங்கோட்டையின் கதை வேறு. 1956 நவம்பர் 1 வரை அது தமிழ்நாட்டில் இல்லை. திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. மலையைக் குடைந்து புனலூருக்குப் போன மீட்டர்கேஜ் ரயில் 1904-இல் வந்தது. 2010-இல் அகலப்பாதைக்காக நிறுத்தி, 2018-இல்தான் திரும்ப முழுதாக ஓடவிட்டார்கள். இன்றும் கேரளத்துக்குப் போகும் காய்கறி லாரிகள் பிரானூர் பார்டரில் வரிசை கட்டுகின்றன. பாவூர்சத்திரம் சந்தையில் விடியுமுன் ஏலம் போன கத்தரியும் வெண்டையும் மதியச் சாப்பாட்டுக்குக் கொல்லத்தில் இருக்கும்.

பாவூர்சத்திரத்தைத் தாண்டிக் கிழக்கே போகப் போக வானம் மாறுகிறது. காற்று அதே காற்றுதான்; மழையை மலையடியில் இறக்கிவிட்டு வெறுங்கையோடு வருகிறது. சுரண்டை, ஆலங்குளம் பக்கம் காற்றாலைகள் சுழல்கின்றன, கீழே மண் காய்ந்து கிடக்கிறது. குற்றாலத்திலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

தண்ணீர் இல்லாத இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு பீடித் தட்டு. ஆலங்குளத்துக்கு அருகே ஒரு திண்ணையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த அக்காவின் மடியில் முறம், முறத்தில் தூள். ராத்திரி நனைத்து வைத்த இலையைத் தகட்டளவு வைத்துக் கத்தரிக்கிறார். தூளைப் போட்டு உருட்டுகிறார். நுனியை மடித்து நூலைச் சுற்றுகிறார். என்னிடம் பேசும்போது கண் என்மேல் இருக்கிறது, விரல் நிற்பதேயில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை சுத்துவீங்க யக்கா?"

"ஆயிரம் சுத்துனாத்தான் கூலி அண்ணாச்சி. புள்ளைய பள்ளிக்கொடம் அனுப்பிட்டு உக்காந்தா வெளக்கு வைக்கையில முடியும். இலை மோசமா இருந்தா ஆயிரத்துக்கு வராது, கடையில கழிச்சும் விடுவாங்க. நட்டம் நமக்குத்தான்."

இலையைக் கொடுப்பது கடைக்காரர்கள். இலை மோசமானால் நட்டம் இவருக்கு. இந்தக் கணக்கு எனக்கு ஏற்கவே முடியாததாக இருக்கிறது. மூத்த மகளைக் கல்லூரி படிக்க வைத்தது இந்தத் தட்டுதான் என்று அவர் சொன்னார். சீசன் நாளில் குற்றாலத்துக்குப் போவதுண்டா என்று கேட்டேன். கல்யாணமான புதிதில் போனதாம்.

2011 கணக்கில் பழைய திருநெல்வேலி மாவட்டத்தில் ஆயிரம் ஆணுக்கு 1,023 பெண்கள். ஆண்கள் பிழைப்புக்கு வெளியூர் போவது இங்கே பல தலைமுறை வழக்கம். கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார்கள். அங்கே 1941-இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கைத் தொடங்கியவர்கள், 1946-இல் உமறுப் புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியையும் எழுப்பினார்கள். பிழைக்கப் போன இடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் வேண்டும் என்று நினைத்த அந்த மனிதர்களை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

இப்போது கொஞ்சம் எதிர்த்திசையிலும் நடக்கிறது. 2011-இல் ஸோஹோ நிறுவனம் தென்காசிக்கு வந்தது. மத்தளம்பாறையில் வயல்களுக்கு நடுவே உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிறார்கள். சென்னைக்குப் போகாமலே வேலை கிடைக்கும் என்று ஒரு தலைமுறை நம்பத் தொடங்கியிருப்பது சின்ன விஷயமில்லை. ஆனால் அந்த நம்பிக்கையும் சாரல் விழும் பக்கத்தில்தான் முளைத்திருக்கிறது. சங்கரன்கோவிலுக்கும் அப்பால், திருவேங்கடத்தின் கரிசலில் மானாவாரிப் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிறவர் ஒரு மனு கொடுக்க வேண்டுமானால், பேருந்து மாறி மாறித் தென்காசி ஆட்சியர் அலுவலகத்துக்கு வரவேண்டும். மாவட்டம் பிரிந்ததில் அவருக்கு என்ன மாறியது என்பதை அவர் ஊரிலேயே போய்க் கேட்கலாம். 1755-இல் கும்பினிப் படையின் கர்னல் ஹெரானுக்குப் பணியாத பூலித்தேவனின் நெற்கட்டும்செவலும் அந்தத் திசையில்தான். அடுத்த இதழில் அங்கிருந்து தொடங்குவோம்.