நகராத விசை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிவாக்கில் பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறிவிட்டால், வெயில் ஏறுவதற்குள் லோரோங் கூலிட் போய்ச் சேர்ந்துவிடலாம். ஜார்ஜ்டவுனுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் ஆர்மீனியன் ஸ்திரீட் சுவரோவியங்களைப் பார்ப்பார்கள், கடைத்தெருவில் பசியாறுவார்கள், குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலில் கும்பிடுவார்கள். சிட்டி ஸ்டேடியம் பக்கம் அவர்களில் அதிகம் பேர் வருவதில்லை. அங்கேதான் இந்தப் பழைய சாமான் சந்தை. பழைய காசு, ஓடாத கைக்கடிகாரம், துருப்பிடித்த ஸ்பேனர், யாருடைய கல்யாண ஆல்பமோ, எல்லாம் தரையில் விரித்த பிளாஸ்டிக் விரிப்பில் கிடக்கும். மதியத்துக்குள் மூட்டை கட்டிவிடுவார்கள்.

போன வருடம் அப்படி ஒரு விரிப்பில், உடைந்த ரைஸ் குக்கருக்கும் தையல் மெஷின் தலைக்கும் நடுவே ஒரு தட்டச்சு இயந்திரத்தைப் பார்த்தேன். தூசியை விரலால் துடைத்தேன். ய, ள, ன, க, ப என்று தமிழ் எழுத்துகள் வரிசையாக வந்தன. கை அங்கேயே நின்றுவிட்டது.

கடைக்கார பாக்சிக் 180 வெள்ளி சொன்னார். நான் பேரம் பேச வாயெடுக்கும் முன்பே அவராக 120-க்கு இறங்கினார். இந்த எழுத்தைப் படிக்கிற ஆள் வந்தால்தான் இது போகும், நாலு வாரமாகத் தூக்கிச் சுமக்கிறேன் என்றார். ரெமிங்டன் ஆபீஸ் மெஷின், 15 கிலோவுக்குக் குறையாது. தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

அதை வாங்கியதற்குக் காரணம் பொழுதுபோக்கு என்றுதான் வீட்டில் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு.

ஐந்து வெள்ளிக்கு விற்றது

அப்பா செபராங் பிறையில் ஒரு தோட்டத்தில் கிராணி. ஆபீஸில் இங்கிலீஷ் மெஷின் இருந்தது. வீட்டில், தன் சொந்தக் காசில் வாங்கிய பழைய தமிழ் மெஷின் ஒன்றை வைத்திருந்தார். கோயில் திருவிழா அறிக்கை, பள்ளிக்கூடக் கூட்ட அழைப்பு எல்லாம் அதில்தான் அடிப்பார். சாயங்காலம் ஆனால் கடிதம் எழுதிக் கேட்டு ஆட்கள் வருவார்கள்.

1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று வந்தபோது, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்கள் கலங்கிப் போனார்கள். எத்தனையோ குடும்பங்கள் பினாங்கில் 'ரஜூலா' கப்பல் ஏறி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் போயின. போவதற்கு முன் ஊரில் இருக்கும் பங்காளிக்கு ஒரு கடிதம் போக வேண்டும்: நாங்கள் வருகிறோம், இத்தனை பேர், பாட்டன் வீட்டில் ஒரு பகுதி எங்களுக்கு விட வேண்டும். கையால் எழுதினால் மதிக்க மாட்டான், மெஷினில் அடித்தால் பயப்படுவான் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. அப்பா காசு வாங்கியதில்லை.

1998-இல் தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு பட்டர்வொர்த் அடுக்குமாடி வீட்டுக்கு மாறினோம். இடம் போதவில்லை. அந்த மெஷினைப் பழைய இரும்பு வாங்குகிறவரிடம் 5 வெள்ளிக்குப் போட்டது நான்தான். அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்குத் திட்டியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

கெட்டுப் போன இரண்டு விசைகள்

கேம்பல் ஸ்திரீட்டை ஒட்டிய ஒரு சந்தில், எழுபது வயது தாண்டிய சீனப் பெரியவர் ஒருவர் பூட்டு, தையல் மெஷின், தட்டச்சு எல்லாம் பழுது பார்க்கிறார். என்னைத் 'தம்பி' என்பார், மற்றதெல்லாம் மலாயில்தான். மெஷினைத் தலைகீழாகத் திருப்பி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "உயிர் இருக்கு" என்றார்.

தட்டச்சு இயந்திரத்தின் உயிர் ஒரு சுருள்வில்லில் இருக்கிறது. கேரேஜை எப்போதும் இடப்பக்கம் இழுத்துக்கொண்டே இருப்பது அது. நாம் ஒரு விசையை அடிக்கும்போது எழுத்துக்கம்பி மேலே எழும்பும். எழும்பும்போது உள்ளே ஒரு சட்டத்தைத் தள்ளும். அது பல்சக்கரத்தில் ஒரு பல்லை விடும். கேரேஜ் ஓர் எழுத்து அளவு நகரும். வில்லும் பல்லும் சரியாக இருந்தால் மற்றதெல்லாம் அழுக்குதான். பினாங்குக் கடல்காற்றில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து பிசினாகிவிடும். அதற்கு மேலும் எண்ணெய் ஊற்றுவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. ஸ்பிரிட்டில் நனைத்த பல் பிரஷ்ஷால் கம்பிகளின் அடியைத் தேய்த்து, காயவிட்டு, திரும்பத் தேய்க்க வேண்டும். பொறுமைதான் மருந்து.

மூன்றாம் வாரம் போனபோது எல்லா விசைகளும் துள்ளின. பெரியவர் மட்டும் முகம் சுளித்தார். வலது கை ஓரத்தில் இரண்டு விசைகள் கெட்டிருக்கின்றன. அடித்தால் காகிதத்தில் விழுகிறது, கேரேஜ் நகரவில்லை என்றார். கம்பிகளைக் காட்டினார். மற்ற கம்பிகளில் சட்டத்தைத் தொடுகிற இடத்தில் இருக்கும் உலோகம் இந்த இரண்டிலும் இல்லை. தேய்ந்து போயிருக்கும், பற்றவைத்து நிரப்பிவிடலாம், 60 வெள்ளி ஆகும். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அன்று இரவு சாப்பிடும்போது அப்பாவிடம் முதல் தடவையாக விஷயத்தைச் சொன்னேன். மெஷின் வாங்கியதை அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு விசை நகரவில்லை என்றதும் சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"எந்த விசை?"

"வலது கைப்பக்கம், கடைசியில."

"புள்ளியும் கொக்கியுமாடா? அது நகரக் கூடாதுடா! நகர்ந்தா புள்ளி எங்க போய் விழும்? காலையிலயே போய் நிப்பாட்டு."

எட்டு மணிக்குக் கடை திறக்கும்போது வாசலில் நின்றேன். பற்றவைக்கும் சாமான் மேசையில் எடுத்து வைத்திருந்தது. நல்ல வேளை, தொடவில்லை.

சுண்டுவிரலின் வேலை

கையால் எழுதும்போது 'ம' எழுதிவிட்டுத்தான் மேலே புள்ளி வைக்கிறோம். தமிழ் மெஷினில் புள்ளிதான் முதலில். புள்ளி விழும், கேரேஜ் நகராது. அதன் கீழே 'ம' விழுந்த பிறகே நகரும். 'தி', 'தீ' எழுத்துகளின் தலையில் வரும் வளைவுக்கும் இதே வழிதான். 'தமிழ்' என்ற மூன்றெழுத்துக்கு ஐந்து அடி: த, கொக்கி, ம, புள்ளி, ழ. அதில் இரண்டு அடிகளில் கேரேஜ் அசையாது. அந்தக் கம்பிகளில் உலோகம் தேய்ந்து போகவில்லை. தொழிற்சாலையிலேயே வேண்டுமென்று குறைத்து விட்டிருக்கிறார்கள்.

இந்த வழியைத் தமிழுக்குக் கொண்டு வந்தவர் ஆர். முத்தையா. 1886-இல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்து, 1907-இல் இந்தப் பக்கம் வந்து சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். இங்கிலீஷுக்கு 26 எழுத்து, தமிழுக்கு 247. அத்தனையையும் 46 விசைகளுக்குள் அடக்க வேண்டும். எழுத்துகளைப் பிரித்து, எவை திரும்பத் திரும்ப வருகின்றன என்று பார்த்து, பொதுவான குறிகளை நகரா விசைகளாக்கினார். இயந்திரங்கள் ஜெர்மனியில் தயாராயின. அவர் கொண்டு வந்த 'பிஜு' என்ற கையடக்க மெஷினுக்குப் பெரிய பெயர். லோரோங் கூலிட்டில் கிடைத்தது பிஜுவாக இருக்கக் கூடாதா என்று எனக்கு ஆசைதான். இல்லை. ஆனால் அந்த இரண்டு விசைகளும் அவர் யோசனையின் வழிவந்தவை. மலாயா, சிங்கப்பூர் ஆபீஸ்களில் யாழ்ப்பாணத் தமிழர்கள் கணக்கும் கடிதமும் பார்த்துக் கொண்டிருந்த காலத்தில், அவர்களில் ஒருவர் மனத்தில் உருவான விஷயம். நம் பக்கத்துக்கு அது அந்நியச் சாமான் இல்லை.

சீனப் பெரியவருக்கு இதைக் காட்டினேன். புள்ளி, ம. புள்ளி, ழ. காகிதத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தார். தானே நாலு தடவை அடித்தார். பிறகு கெட்டிக்கார வேலை என்று மலாயில் சொல்லிச் சிரித்தார். பற்றவைக்கும் சாமான் உள்ளே போனது. ஐம்பது வருடமாக மெஷின் தெரிந்த அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழ் படித்த எனக்கு மெஷின் தெரியாது. இரண்டும் தெரிந்த ஒருவர் அக்கரையில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் அது பிழைத்தது.

ரோலர் ரப்பர் கல்லாகியிருந்தது. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தோம். அடிக்கும் தாளுக்குப் பின்னால் இன்னொரு தாள் வைத்தால் போதும் என்றார். அரை அங்குல ரிப்பன் இன்றும் கிடைக்கிறது. பழைய சுருளில் சுற்றிக் கொடுத்தார்.

வீட்டுக்குக் கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தேன். அப்பாவுக்கு இப்போது 86. கை நடுங்குகிறது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பத்து விரலையும் விசைகள் மேல் வைத்தார். வைத்ததும் நடுக்கம் குறைந்ததாக எனக்குத் தோன்றியது. வலது சுண்டுவிரல் புள்ளியின் மேல் இருந்தது. அது லேசாக வளைந்திருக்கும். சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன், ஏன் என்று கேட்டதில்லை.

'அனுப்புநர்' என்று அடித்தார். அதன் கீழே தன் பெயர். அதன் கீழே தோட்டத்து முகவரி. அந்தத் தோட்டம் இன்றைக்கு இல்லை, வீடமைப்புத் தாமான் ஆகிவிட்டது. அது அவருக்கும் தெரியும். ஒரு புள்ளி தவறவில்லை. அடுத்த வரியில் 'பெறுநர்' அடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"யாருக்குடா எழுதறது?"

எனக்குப் பதில் வரவில்லை. அவரே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ரஜூலாவில் போன ஒருவரின் பெயரைச் சொன்னார். பிள்ளைகள் இருப்பார்கள், அதே ஊரில்தான் இருப்பார்கள் என்றார். அரை மணி நேரத்தில் ஒரு பக்கக் கடிதம் முடிந்தது. மறுநாள் தபாலில் சேர்த்தேன். பதில் இன்னும் வரவில்லை.

உங்கள் வீட்டு அலமாரி மேலோ, கோயில் ஸ்டோரிலோ இப்படி ஒன்று கிடந்தால் இரும்புக்கடைக்குப் போடாதீர்கள். வலது ஓரத்துப் புள்ளியை ஒரு தடவை அடித்துப் பாருங்கள். கேரேஜ் நகராவிட்டால், அது கெட்டுப் போகவில்லை.