வளையமிட்ட குருவிகள்

பழைய பங்கு ஏடுகளைப் புரட்டும் வேளை நமக்கு அவ்வப்போது வாய்ப்பதுண்டு. பிறப்பு, திருமணம், இறப்பு எனத் தனித்தனியே பார்த்தால் வெறும் பெயர்களும் தேதிகளுமே தென்படும். தொடர்ந்து படித்தாலோ ஒரு குடும்பத்தின் வரலாறு மெல்லத் துலங்கும். இத்தகைய ஏடொன்று சின்னஞ்சிறு குருவியினம் ஒன்றுக்கும் எழுதப்பட்டு வருகிறது என்று அறிந்தபோது வியந்தோம்.

இந்தியப் பெருங்கடலில், சீஷெல்ஸ் நாட்டில், கசின் என்றொரு தீவு உண்டு. பரப்பு ஏறத்தாழ 29 ஹெக்டேர். அங்கே காட்டை அழித்துத் தென்னை வைத்தனர். இலைகளின் அடியில் பூச்சி தேடி உண்ணும் சீஷெல்ஸ் கதிர்க்குருவிக்கு வாழிடம் அருகிப்போயிற்று. 1960களில் உலகில் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அவையும் இத்தீவில் மட்டுமே. 1968இல் பன்னாட்டுப் பறவைப் பாதுகாப்பு மன்றம் தீவை விலைக்கு வாங்கிற்று. தென்னைகள் அகற்றப்பட, தீவுக்கே உரிய மரங்கள் தழைத்தன. 1980களின் தொடக்கத்தில் குருவிகள் முந்நூறைத் தாண்டின. இன்று ஐந்து தீவுகளில் அவை வாழ்கின்றன.

1980களின் இடையில் யான் கொம்டூர் என்னும் டச்சு அறிஞர் கசின் தீவில் ஆய்வு தொடங்கினார். குருவிகளின் கால்களில் வண்ண வளையங்களை இட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் கண்டனர். அவை தீவைவிட்டு அரிதாகவே பறப்பதால், பிறப்பு முதல் இறப்பு வரை ஒரு குருவியின் வாழ்வை எழுதிவைக்க முடிந்தது. தலைமுறை தலைமுறையாக அவ்வேடு இன்றும் வளர்கிறது.

அது சொல்வதென்ன? பெரும்பாலும் ஒரு கூட்டில் ஒரு முட்டைதான். இடம் நெருக்கமாயிருக்கையில், வளர்ந்த மகள்கள் பெற்றோருடனேயே தங்கி அடுத்த குஞ்சுக்கு இரை ஊட்டுகின்றன. 1988இல் 29 குருவிகளை அரிட் தீவில் கொண்டு விட்டபோது, வெற்றிடம் ஏராளமாயிருந்தமையால் அவை தாமே தனிக்குடும்பம் தொடங்கின. மரபணுச் சோதனையோ, குஞ்சுகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பதின் தந்தை கூட்டுக்குரிய சேவல் அன்று எனக் காட்டிற்று. எனவே இக்குருவிகளை நன்னெறி நூலாக்க நாம் முற்படவில்லை.

ஆயினும் 2007இல் வெளியான செய்தி ஒன்று நம்மை நிறுத்திற்று. இளையதொரு பறவையிடம் தலைமையை இழந்த முதிய பேடைகளுள் சில, அவ்விடத்திலேயே தங்கித் தம் பேரக் குஞ்சுகளை வளர்க்கத் துணைசெய்கின்றனவாம். ஒரு பருவம் மட்டும் பார்ப்பவர் ஏதோ ஒரு துணைப்பறவை என்றே எழுதியிருப்பார். அது பாட்டி என்பதைப் பல்லாண்டுப் பதிவே காட்டிற்று.

இதைப் படித்ததும் முன்பு பணிபுரிந்த பங்கொன்றின் நினைவு வந்து வருத்திற்று. அங்கே ஒரு வீட்டில், சாவிக்கொத்து மருமகளின் இடுப்பில் இருந்தது. மாமியாரோ அடுப்படியில் ஒதுங்கியிருந்தார். ஓராண்டுப் பழக்கத்தில் யாவும் விளங்கிவிட்டதாக எண்ணி, மகனை அழைத்துக் கடிந்துகொண்டோம். அவர் மறுமொழி கூறாது சென்றார். அதன்பின் நம்மை நேர்முகம் பார்க்கவில்லை.

எட்டாண்டு கழித்து ஒரு திருமணத்துக்காக அவ்வூர் சென்றோம். மருமகள் வேலைக்குச் செல்ல, மூன்று பேரக் குழந்தைகளையும் வளர்த்து ஆளாக்கியவர் அம்மூதாட்டியே என அறிந்தோம். சாவியைத் தாமே விரும்பிக் கொடுத்தவரும் அவரே. தயங்கியபடி கேட்டபோது சிரித்தார்: "சாமி, சாவியப் பாத்துக்கிட்டு இருந்தா புள்ளைங்கள யாரு பாக்குறது?"

மகனிடம் மன்னிப்புக் கேட்க நாடினோம். அவர் வெளியூரில் வேலையிலிருந்தார். நாம் திரும்பும்வரை வரவில்லை.

பதினைந்து கிராம் எடைகொண்ட ஒரு குருவியை அறியப் பலர் இத்தனை ஆண்டுகள் காத்திருக்கின்றனர். நாமோ ஒரு மனிதரை ஓராண்டில் அறிந்துவிட்டதாக எண்ணினோம். இப்போது ஒரு வீட்டைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நா எழும்போதெல்லாம், அந்தச் சிறு கால்களின் வண்ண வளையங்கள் நினைவில் வந்து நம்மைத் தடுக்கின்றன.